காதருகே ஒரு வலி: தாடை மூட்டு நோய்கள் பற்றி

தாடை மூட்டு வலியோடு எங்கள் பிரிவுக்கு முதன்முறையாக வருவோரில் பலர் தடித்த கோப்பு ஒன்றைக் கையில் கொண்டுவருகிறார்கள். அதைப் பிரித்தால் முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவரின் சீட்டு இருக்கும். காதில் குறையேதும் இல்லை என்று அவர் எழுதியிருப்பார். அடுத்து, பல் எக்ஸ்ரே. சில வேளைகளில் வலிக்காகக் கடைவாய்ப் பல் ஒன்றை எடுத்தும் இருப்பார்கள். பல் போயிருக்கும், வலி போயிராது. அதன்பின் தலைவலி மாத்திரைச் சீட்டுகள், ஒருவேளை மூளை ஸ்கேன். எல்லா அறிக்கைகளிலும் ‘இயல்பு நிலை’ என்றே இருக்கும். வீட்டாரோ, “எல்லாம் சரியாகத்தான் இருக்கிறதாமே, பிறகு ஏன் சாப்பிட மாட்டேன் என்கிறாய்?” என்று கேட்கத் தொடங்கியிருப்பார்கள். நாளடைவில் நோயாளிக்கே தம் வலியின்மேல் ஐயம் வந்துவிடுகிறது.

ஆகவே இக்கட்டுரையை நோயாளிகளுக்காக மட்டுமன்றி, அவர்களோடு ஒன்றாக உண்ண அமரும் குடும்பத்தாருக்காகவும் எழுதுகிறோம்.

காதுத் துளைக்குச் சற்று முன்னே இரு பக்கமும் சுட்டுவிரலை வைத்து, வாயை மெல்லத் திறந்து மூடிப் பாருங்கள். விரலுக்கடியில் ஒரு குமிழ் முன்னே நகர்ந்து, மீண்டும் பின்னே வந்து அமர்வதை உணரலாம். அதுவே கீழ்த்தாடை எலும்பின் தலை. மண்டையோட்டின் பொட்டெலும்பில் உள்ள குழி ஒன்றில் அது பொருந்தியிருக்கிறது. இரண்டு எலும்புகளுக்கும் இடையே மெத்தை போல ஒரு நார்த்தட்டு உண்டு. வாயைத் திறக்கத் தொடங்கும்போது இந்த மூட்டு கதவின் கீல் போலச் சுழல்கிறது. இன்னும் அகலத் திறக்கையில் மேசையின் இழுப்பறை போல முன்னோக்கி வழுக்குகிறது. ஒரே மூட்டு இரண்டு வேலைகளையும் செய்கிறது. இடமும் வலமுமாக மூட்டுகள் இரண்டு இருந்தாலும் அவற்றை இணைக்கும் எலும்பு ஒன்றே என்பதால், ஒரு பக்கம் நோயுற்றால் மறுபக்கமும் தன் போக்கை மாற்றிக்கொள்ள நேர்கிறது. வலப்பக்கம் வலிக்கிறதென்று இடப்பக்கத்திலேயே மென்று பழகியவர்கள் சில மாதங்களில் இடக்கன்னமும் கனக்கிறது என்று சொல்வதன் காரணம் இதுதான்.

வலி காதில் தோன்றுவதற்கும் காரணம் உண்டு. முகத்தின் உணர்ச்சியைச் சுமக்கும் ஐந்தாம் கபால நரம்பின் ஒரு கிளை, தாடை மூட்டுக்கும் காதின் ஒரு பகுதிக்கும் நெற்றிப்பொட்டுக்கும் சேர்ந்தே செல்கிறது. மூட்டிலிருந்து புறப்பட்ட செய்தியைக் காதிலிருந்து வந்ததாக மூளை எடுத்துக்கொள்கிறது. காது அடைத்தாற்போல் இருத்தல், காதிரைச்சல், பொட்டில் தெறிக்கும் தலைவலி ஆகியவற்றோடு பலர் வருகிறார்கள்.

நோய் என்று பொதுவாகச் சொன்னாலும் அது ஒன்றன்று. மெல்லும் தசைகளில் எழும் வலியே மிகுதியாகக் காணப்படுவது. கன்னத்தில் பற்களைக் கடிக்கும்போது திரண்டெழும் தசையும், பொட்டில் விசிறி போல விரிந்திருக்கும் தசையும் களைத்து இறுகிப்போகின்றன. இரண்டாவது, நார்த்தட்டு தன் இடத்திலிருந்து முன்னே நழுவிவிடுவது. வாய் திறக்கும்போது ‘டக்’ என்று சொடக்குப் போட்டாற்போல் கேட்பது, நழுவிய தட்டு மீண்டும் எலும்பின் தலைமேல் ஏறி அமரும் ஒலி. மூன்றாவது, மூட்டின் பரப்பே தேய்ந்துபோவது. அப்போது மணலை மிதித்தாற்போன்ற நறநறப்பு கேட்கும். முடக்குவாதம் உள்ளவர்களுக்குக் கை விரல்களைத் தாக்கும் அதே அழற்சி தாடை மூட்டையும் தாக்கக்கூடும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். வலியும் தடையும் இல்லாமல் ஒலி மட்டும் கேட்டால் அதற்கு மருத்துவம் தேவையில்லை. நலமாக இருக்கும் மக்களில் கணிசமானோர்க்கு இந்தச் சொடக்கு உண்டு. அது அப்படியே பல்லாண்டுகள் இருக்கும். சிலருக்குத் தானே மறைந்தும் போகும். ‘ஒலி வருகிறதே, பின்னால் பெரிதாகிவிடுமோ’ என்ற அச்சத்தில் அதை மீண்டும் மீண்டும் வரவழைத்துப் பார்ப்பதுதான் தவறு.

உண்பதும் உறங்குவதும்

முழங்கால் வலித்தால் உட்கார்ந்துகொள்ளலாம். கை வலித்தால் தொட்டிலிட்டுக் கட்டிக்கொள்ளலாம். தாடைக்கு அத்தகைய ஓய்வு கிடைப்பதில்லை. விழுங்குவதும் பேசுவதும் கொட்டாவி விடுவதும் நாள் முழுவதும் நடந்துகொண்டே இருக்கின்றன. அதனால்தான் சிறிய மூட்டு ஒன்றின் நோய் வாழ்க்கை முழுவதையும் தொட்டுவிடுகிறது.

முதலில் மாறுவது தட்டில் உள்ள உணவு. முறுக்கு, சீடை, கரும்பு, கமர்கட்டு ஆகியவை தாமாகவே விலகிவிடுகின்றன. பின்னர்ச் சப்பாத்தியும் பரோட்டாவும். அதன்பின் இட்லி, தயிர்ச்சோறு, கஞ்சி என்று உணவு சுருங்குகிறது. மெல்ல நேரமாவதால் திருமண வீட்டுப் பந்தியில் இலை எடுக்க வந்து நிற்பார்கள். அடுத்த பந்திக்காரர்கள் நாற்காலிக்குப் பின்னால் நிற்பார்கள். அந்தக் கூச்சத்தால் விருந்துகளுக்குப் போவதையே நிறுத்திவிட்டவர்கள் உண்டு. வீட்டிலும் எல்லோரும் உண்டு முடித்தபின் தனியே அமர்ந்து உண்பார்கள். ‘பசியில்லை’ என்று அவர்கள் சொல்வதைக் குடும்பத்தார் அப்படியே நம்பிவிட வேண்டாம்.

பேசுவதே தொழிலாக உள்ளவர்களின் துன்பம் தனி. ஆசிரியர், நடத்துநர், தொலைபேசியில் நாள் முழுவதும் பதில் சொல்லும் பணியாளர் ஆகியோருக்கு மாலை நேரம் கன்னம் இரும்பாய்க் கனக்கிறது. மேற்கத்திய முறையில் வயலின் வாசிப்போர் கருவியை மோவாய்க்கும் தோளுக்கும் இடையே இறுக்கிப் பிடிப்பதால் தாடை வலிக்கு ஆளாவது மருத்துவ நூல்களில் பேசப்படுவது. நம் கருநாடக இசைக் கலைஞர்கள் தரையில் அமர்ந்து, கருவியின் தலைப்பகுதியைக் காலில் ஊன்றி வாசிப்பதால் அந்தச் சுமை தாடைக்கு இல்லை.

உறக்கத்தின் கதை இன்னும் சிக்கலானது. வலியால் உறக்கம் கெடுகிறது. உறக்கம் கெட்டால் மறுநாள் அதே வலி கூடுதலாக உறைக்கிறது. அமெரிக்காவில் ஆயிரக்கணக்கானோரைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ‘ஓப்பேரா’ என்ற பெரிய ஆய்வில், ஆண்டுதோறும் நூற்றுக்கு ஏறத்தாழ 4 பேருக்குப் புதிதாகத் தாடை வலி தோன்றியது. உறக்கம் படிப்படியாகக் கெட்டுவந்தவர்களும், உடலின் வேறு இடங்களில் ஏற்கெனவே வலிகள் உள்ளவர்களும் இந்நோய்க்கு எளிதில் ஆளானார்கள். ஒற்றைத் தலைவலி, முதுகு வலி, குடல் எரிச்சல் நோய் ஆகியன இவர்களிடம் உடன் காணப்படுவது வழக்கம். எனவே நாங்கள் தாடையைப் பார்க்க வந்தவரிடம் உறக்கத்தையும் வயிற்றையும் பற்றிக் கேட்டால் வியப்படைய வேண்டாம். பெண்களிடம் இந்நோய் ஆண்களைவிட மிகுதி. 20 வயதிலிருந்து 40 வயது வரை உள்ளவர்களே பெரும்பாலும் வருகிறார்கள்.

பற்களைக் கடித்து இறுக்கும் பழக்கமும் இதில் பங்கு கொள்கிறது. உண்ணாத, விழுங்காத நேரத்தில் மேல் பல்லும் கீழ்ப் பல்லும் ஒன்றையொன்று தொடாமல் இருப்பதே இயற்கை. கணினித் திரையை உற்றுப் பார்க்கையிலும், நெரிசலில் வண்டி ஓட்டுகையிலும், மனத்துக்குள் யாரோடோ வழக்காடுகையிலும் பலர் தம்மை அறியாமல் பற்களை இறுக்கிக்கொள்கிறார்கள். இரவில் நறநறவென்று பல் கடிப்பதைப் பக்கத்தில் படுத்திருப்பவர்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. குழந்தைகள் பல் கடித்தால் வயிற்றில் பூச்சி என்று நம் வீடுகளில் சொல்வார்கள். பூச்சி மருந்து கொடுத்தால் பல் கடிப்பது நின்றுவிடும் என்று எதிர்பார்க்க இயலாது. பெரும்பாலான குழந்தைகள் வளர வளர அப்பழக்கத்தைத் தாமே விட்டுவிடுகிறார்கள்.

அவசரப்பட்ட மருத்துவங்கள்

இந்நோயின் மருத்துவ வரலாறு சற்றே கசப்பானது. அதை நோயாளிகள் அறிந்திருப்பது நல்லது என்று கருதுகிறோம். 1934-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரைச் சேர்ந்த காது மருத்துவர் ஜேம்ஸ் காஸ்டன், காது வலி, காதடைப்பு, தலைவலி ஆகியவற்றுக்குத் தாடை மூட்டு காரணமாகலாம் என்று எழுதினார். அந்தத் தொடர்பைச் சுட்டிக்காட்டியது பெரும் பணி. ஆனால் கடைவாய்ப் பற்கள் விழுந்துவிட்டதால் தாடை மேலேறி நரம்புகளை அழுத்துகிறது என்று அவர் தந்த விளக்கத்தைப் பின்னர் வந்த உடற்கூற்று அறிஞர்கள் ஏற்கவில்லை. இருந்தும் ‘கடிப்பைச் சரிசெய்தால் வலி தீரும்’ என்ற எண்ணம் பல பத்தாண்டுகள் நிலைத்துவிட்டது. நலமான பற்களை ராவினார்கள், உறை போட்டார்கள், கடிப்பையே மாற்றி அமைத்தார்கள். ராவிய பல் மீண்டும் வளராது.

1980-களில் அங்கே இன்னொன்று நிகழ்ந்தது. நழுவிய நார்த்தட்டை எடுத்துவிட்டு, டெஃப்லான் கலந்த செயற்கைத் தட்டைப் பலருக்குப் பொருத்தினார்கள். மெல்லும் அழுத்தத்தில் அது துகள் துகளாகச் சிதைந்து, அதற்கு எதிராக உடல் எழுப்பிய அழற்சியால் சுற்றியிருந்த எலும்பே அரிக்கப்பட்டது. 1990-களின் தொடக்கத்தில் அந்நாட்டு அரசு அதைத் திரும்பப் பெறச் செய்தது. அதற்குள் பலர் அறுவைமேல் அறுவையாக வாழ்நாள் துன்பத்துக்கு ஆளாகியிருந்தனர்.

2023-ஆம் ஆண்டின் இறுதியில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் இதழ், நாட்பட்ட தாடை வலிக்கான பன்னாட்டு வழிகாட்டுதலை வெளியிட்டது. அது உறுதியாகப் பரிந்துரைப்பவை எளியவை: நோயை விளக்கி அச்சம் நீக்குதல், வீட்டில் செய்யும் தாடைப் பயிற்சிகள், இயன்முறை மருத்துவர் கையால் தசைகளையும் மூட்டையும் இளக்குதல், வலியோடு வாழும் மனத்துக்கான உளவியல் பயிற்சி. கடிப்பை நிலையாக மாற்றிவிடும் தகடுகளையும், நார்த்தட்டை அறுத்து நீக்குவதையும் அது உறுதியாக மறுக்கிறது. கழற்றி மாட்டக்கூடிய தகடுகளும் ஊசிகளும் கூட நாட்பட்ட வலிக்குப் பெரும்பயன் தருவதாக அதில் கூறப்படவில்லை. இரவில் பல் தேய்வதைத் தடுக்க நாங்களும் தகடு தருவதுண்டு. ஆனால் பல்லைக் காப்பது வேறு, வலியைத் தீர்ப்பது வேறு என்று சொல்லியே தருகிறோம்.

வருவோரில் பெரும்பான்மையோர்க்குக் கத்தியில்லாமலே வலி தணிகிறது. மூட்டைக் கழுவிவிடும் ஊசி முறையும் அறுவையும் ஒரு சிலருக்கே தேவைப்படுகின்றன. எங்களிடம் வருவதற்கு முன்பே யாரேனும் உங்கள் பற்களை ராவவோ பல பற்களுக்கு உறை போடவோ முனைந்தால், இன்னொரு மருத்துவரின் கருத்தைக் கேட்ட பிறகு முடிவெடுங்கள்.

வீட்டில் செய்யக்கூடியது என்ன? ‘ன்’ என்று ஒலித்துப் பாருங்கள். நாக்கின் நுனி மேல் பற்களுக்குப் பின்னே அண்ணத்தைத் தொடுகிறது, பற்கள் விலகியிருக்கின்றன. இதழ்கள் மூடி, பற்கள் விலகி, நாக்கு அங்கேயே இருப்பதுதான் தாடையின் ஓய்வு நிலை. வேலைக்கு நடுவே அவ்வப்போது அதை நினைவுபடுத்திக்கொள்ள, திரையின் ஓரத்திலோ அடுக்களைச் சுவரிலோ ஒரு வண்ணப்பொட்டு ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். அதைக் காணும்போதெல்லாம் பற்கள் தொடுகின்றனவா என்று பார்த்தால் போதும். நாக்கை அந்த இடத்திலேயே வைத்துக்கொண்டு, வலி வராத அளவுக்கு வாயை மெல்லத் திறந்து மூடுவது முதல் பயிற்சி. வெந்நீரில் பிழிந்த துணியைக் கன்னத்தில் 15 நிமிடம் வைத்தபின் செய்தால் தசை இளகிக் கொடுக்கும். சூடு தாளும் அளவில் இருக்கட்டும். கொட்டாவி வரும்போது மோவாய்க்கடியில் கையை வைத்துத் தாங்குங்கள். முழு ஆப்பிளைக் கடிப்பதற்குப் பதில் நறுக்கி உண்ணுங்கள். வலி மிகுந்த சில நாள்களுக்கு மென்மையான உணவு போதும். ஆனால் மாதக்கணக்கில் கஞ்சியிலேயே இருந்துவிட்டால் தசைகள் வலுவிழக்கும், உடலும் மெலியும். வலி தணியத் தணியப் பழைய உணவுக்குத் திரும்ப வேண்டும். வலி மாத்திரைகளைச் சில நாள்களுக்கு மேல் தாமாகவே தொடர்வதும் நன்றன்று.

வாய் திறக்காமல் போனால்

நலமான ஒருவர் தம் சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரல் மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக முன்பற்களுக்கு இடையே நுழைக்க இயலும். அது சுமார் 40 மில்லிமீட்டர். நழுவிய நார்த்தட்டு வழியை மறித்துக்கொண்டால், திடீரென ஒருநாள் இரண்டு விரல்கூட நுழையாமல் போகும். முதல் சில நாள்களிலேயே வந்துவிட்டால் தீர்ப்பது எளிது.

நம் நாட்டில் வாய் திறக்காமைக்கு இன்னொரு பெருங்காரணம் உண்டு: பாக்கு. பாக்கும், பாக்கு கலந்த குட்காவும் பான்மசாலாவும் கன்னத்தின் உட்தோலை நார்நாராக இறுகச் செய்கின்றன. மூட்டு நலமாகவே இருக்கும்; தோல் விரிந்து கொடுக்காது. காரம் பட்டால் வாய் எரிவது இதன் முதல் அறிகுறி. பின்னாளில் புற்றுநோயாக மாறும் வாய்ப்பு உள்ளதால் இதைத் தாடை வலி என்று எண்ணிக் காலம் கடத்தலாகாது. ‘புகையிலை சேர்க்காத வெறும் பாக்குத்தானே’ என்று கேட்பவர்கள் பலர். இந்த நோயை உண்டாக்க வெறும் பாக்கே போதும்.

குழந்தைகளின் நிலை வேறு. படிக்கட்டிலோ மிதிவண்டியிலிருந்தோ மோவாய் இடிபட விழுந்த குழந்தைக்கு, மோவாயின் காயத்தைத் தைத்து அனுப்பிவிடுவார்கள். அடிபட்ட விசை எலும்பு வழியே மேலேறி, காதருகே உள்ள தாடைத் தலையை உடைத்திருக்கக்கூடும். அது கண்டுபிடிக்கப்படாமல் போனால் மாதங்கள் செல்லச் செல்ல மூட்டு எலும்போடு எலும்பாக ஒட்டிக்கொள்ளும். வாய் ஒரு விரல் அளவுகூடத் திறக்காது. கீழ்த்தாடை வளராமல் மோவாய் உள்வாங்கும். நாக்குக்கு இடம் குறைந்து, உறக்கத்தில் குறட்டையும் மூச்சுத் தடையும் தோன்றும். பல் துலக்க முடியாமல் சொத்தை பெருகும். இதற்கு அறுவை சிகிச்சையே வழி. அறுவைக்குப் பின் பல மாதங்கள் நாள்தோறும் வாயைத் திறக்கும் பயிற்சி தேவை. ஐஸ்கிரீம் குச்சிகளை அடுக்கிப் பற்களுக்கு இடையே வைத்து, ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே போவார்கள். வலிக்கிறதென்று குழந்தை அழும். பெற்றோர் மனம் இளகி நிறுத்திவிட்டால் மூட்டு மீண்டும் ஒட்டிக்கொள்ளும். பயிற்சிக்கு அரை மணி முன்பு வலி மருந்து கொடுப்பது எப்படி, குச்சிகளைக் கணக்கிடுவது எப்படி என்று எங்கள் செவிலியர் சொல்லித் தருவார்கள். மோவாயில் அடிபட்ட எந்தக் குழந்தைக்கும் காதருகே வலி இருக்கிறதா, வாய் நேராகத் திறக்கிறதா என்று உடனே பார்த்துவிடுவது இத்தனை துன்பத்தையும் தவிர்க்கும்.

இதற்கு நேர்மாறானது, திறந்த வாய் மூடாமல் நின்றுவிடுவது. பெருங்கொட்டாவிக்குப் பின்னோ, பல் மருத்துவரிடம் நெடுநேரம் வாய் திறந்திருந்த பின்னோ தாடைத் தலை மேட்டைத் தாண்டி முன்னே சென்று மாட்டிக்கொள்கிறது. கட்டைவிரல்களை வாய்க்குள் வைத்துத் தாடையைக் கீழ்நோக்கி அழுத்திப் பின்னே தள்ளும் முறையை 3,500 ஆண்டுகளுக்கு முற்பட்ட எகிப்திய மருத்துவச் சுவடி ஒன்றிலேயே காணலாம்; இன்றும் ஏறத்தாழ அதையேதான் செய்கிறோம். வீட்டில் எவரும் இதைச் செய்து பார்க்க வேண்டாம். மோவாயைத் துணியால் தாங்கிப் பிடித்துக்கொண்டு அவசரப் பிரிவுக்கு அழைத்து வாருங்கள்.

தாடை வலி எல்லாமே தாடையின் வலியாகிவிடாது. நடக்கும்போதோ மாடி ஏறும்போதோ வந்து, நின்றால் தணியும் தாடை வலி இதயத்திலிருந்து வரக்கூடும். வியர்வையும் மூச்சுத் திணறலும் சேர்ந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்கலாகாது. 50 வயதைக் கடந்தவர்க்கு மெல்லும்போது தாடை களைத்து வலிப்பதோடு, பொட்டில் புதிதாகத் தலைவலியும் பார்வை மங்கலும் தோன்றினால், அது இரத்தக்குழாய் அழற்சியாக இருக்கலாம்; உரிய மருந்தை உடனே தொடங்காவிட்டால் கண்பார்வை பறிபோகும். மின்னல் வெட்டினாற்போல் சில நொடிகள் முகத்தில் பாயும் வலி நரம்பு வலி. காய்ச்சலோடு கன்னம் வீங்கி வாய் திறக்கவில்லை என்றால் அது பெரும்பாலும் கடைவாய்ப் பல்லின் சீழ். மூன்று வாரம் ஆறாத வாய்ப்புண்ணையோ கழுத்துக் கட்டியையோ தாடை வலியின் பெயரால் ஒதுக்கிவிடக்கூடாது.

எங்கள் பிரிவுக்கு வரும்போது பழைய எக்ஸ்ரேக்கள், உட்கொள்ளும் எல்லா மருந்துகளின் பட்டியல், முன்பு தந்த தகடு இருந்தால் அது ஆகியவற்றைக் கொண்டு வாருங்கள். ஒரு வாரக் குறிப்பு எழுதி வந்தால் இன்னும் நன்று: வலி எந்நேரத்தில் மிகுந்தது, அன்று என்ன உண்டீர்கள், எத்தனை மணி நேரம் உறங்கினீர்கள், எத்தனை விரல் அளவு வாய் திறந்தது என்ற நான்கு செய்திகள் போதும். இரவில் உடன் உறங்குபவர் கூட வந்தால் பல் கடிப்பது பற்றி அவரிடமும் கேட்டறிவோம். முதல் நாளில் பெரும்பாலும் கையால் தொட்டு அளந்து பார்ப்பதோடு சரி. ஸ்கேன் எல்லோர்க்கும் தேவைப்படாது. வெறும் வயிற்றோடு வர வேண்டியதில்லை. பொறுமையாகச் சாப்பிட்டுவிட்டே வரலாம்.